நம்ம ஊருக்கு நாமளே மரக்கன்னு: விதை பொறுக்குறதுல இருந்து வண்டி ஏத்துற வரைக்கும்

2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சுட்டுப் போன மறுநாள் எங்க ரோட்டுல விழுந்து கெடந்த ஒரு புங்கமரத்த ஜேசிபி வச்சு பொரட்டிப் போட்டாங்க, பதினஞ்சு வருஷத்து மரம், நல்ல நெழலு. அதோட அடிவேர பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. வேரு பக்கத்துலயும் போகல கீழயும் போகல, தண்ணிக்கொடம் தூக்குறப்ப தலையில வைக்கிற சும்மாடு இருக்குல்ல, அது மாதிரி சுத்தி சுத்தி உருண்டு போயி கெடந்துச்சு, நடுவுல கருப்பு பாலித்தீன் பைத் துண்டு வேற ஒட்டிக்கிட்டு. நட்டவன் பைய முழுசா கிழிக்கல, அதுக்கும் முன்னாடி நர்சரியிலயே அது ரொம்ப நாளு பைக்குள்ளயே கெடந்துருக்கு. பத்தடி தள்ளி தானா மொளச்ச வேம்பு ஒண்ணு, கெளையெல்லாம் முறிஞ்சு மொட்டையா நின்னுச்சு, ஆனா நின்னுச்சு.

நாங்க புதுக்கோட்டை மாவட்டத்துல கெழக்கால, தென்னந்தோப்பு பாதிக்கு மேல படுத்த ஊரு. அடுத்த வருஷமே ஊர்க்காரங்க பத்து பேரு சேந்து நர்சரி போட்டோம். முதல் வருஷம் செஞ்ச தப்ப எல்லாம் சேத்துத்தான் இத எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க. ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க, கன்னு எம்புட்டு ஒசரம்னு பாக்குறது வாங்குறவன் வேலை, வளக்குற நாம பாக்க வேண்டியது பைக்குள்ள வேரு என்ன பண்ணுதுன்னு.

மொதல்ல விதை இல்ல, லிஸ்ட்டு

எல்லாரும் விதையில ஆரம்பிப்பாங்க, நாங்களும் அப்படித்தான். ஐயாயிரம் பை போட்டோம், மழை வந்தப்ப ஐயாயிரம் கன்னுக்கு எடம் இல்ல, ஆளும் இல்ல, கடைசியில ரெண்டாயிரத்துக்கு மேல பையிலயே நின்னு சும்மாடு ஆச்சு. எதத் திட்டிட்டு ஆரம்பிச்சோமோ அதையே நாங்களும் செஞ்சோம்.

அதனால முதல்ல ஒரு நோட்டு எடுங்க. கண்மாய்க் கரையில எத்தனை குழி, கோயில் எடத்துல எத்தனை, பள்ளிக்கூடத்துல எத்தனை, வீட்டுக் கொல்லையில வைக்கிறவங்க யாரு யாரு, நட்ட பிறகு தண்ணி ஊத்துறது யாரு, இத எழுதுங்க. இதுக்கு நல்ல எடம் ஜனவரி 26 கிராமசபைக் கூட்டம், அத விட்டா மே 1 கூட்டம். ஆகஸ்ட் 15 கூட்டத்துல கேக்க ஆரம்பிச்சா லேட்டு, அப்ப கன்னு பையில வளந்துக்கிட்டு இருக்கணும். பஞ்சாயத்துக்கிட்டயும் கேட்டுப் பாருங்க, நூறு நாள் வேலையில நர்சரி போட்ட ஊரு நெறைய இருக்கு, ஆள் கூலி அரசு வேலைத் திட்டத்துல கெடச்சா பெரிய பாரம் கொறையும்.

கேட்டா எல்லாரும் தேக்கு, செம்மரம், மகாகனி தான் கேப்பாங்க, காசு மரம். வேணாம்னு சொல்ல வேண்டியதில்ல, ஆனா அதையே நம்பி நர்சரி போடாதீங்க, அதெல்லாம் எங்கயும் கெடைக்கும். இலுப்பை, மகிழம், உசிலை, நீர்மருது, நாவல் இதுதான் ஊருக்குள்ள கொறஞ்சு போச்சு, வெளியிலயும் எப்பயும் கெடைக்காது. முதல் வருஷம் ரெண்டாயிரம் கன்னு, ஏழெட்டு வகை, அதுக்கு மேல போகாதீங்க.

காலண்டர பின்னால இருந்து படிங்க

நமக்கு நடுற மழை ஐப்பசி கார்த்திகை தான். புரட்டாசி கடைசியில ரெண்டு நல்ல மழை விழுந்து மண்ணு நனைஞ்ச பிறகு நடணும். அப்ப கன்னுக்கு கொறஞ்சது அஞ்சாறு மாசம் ஆயிருக்கணும். இதுல இருந்து பின்னால எண்ணுங்க.

புளி மாசி பங்குனியில உலுக்குறோம், அப்பவே கொட்டைய எடுத்துப் போட்டா ஐப்பசிக்கு ஏழு மாசக் கன்னு. புங்கன் சித்திரை வைகாசியில காய் பழுத்து காயும், உடனே போட்டா அதுவும் சரியா வந்துரும், வேகமா வளர்ற ஆளு. வாகை, கொன்றை, நீர்மருது எல்லாம் கோடைக்கு முன்னாடியும் கோடையிலயுமா விதை கெடைச்சுரும்.

வம்பு எங்கன்னா வேம்பு, நாவல், இலுப்பையில. இது மூணும் ஆனி ஆடியில தான் பழுக்கும், அப்ப போட்டா ஐப்பசி மழைக்கு மூணு மாசக் குஞ்சு, ஒரு ஜாணு கூட இருக்காது, அத கொண்டுபோயி கண்மாய்க் கரையில நட்டா ஆட்டுக்கு ஒரு வாய். அதனால இந்த மூணும் அடுத்த வருஷ மழைக்குன்னு கணக்கு வச்சுக்கங்க, பதினஞ்சு மாசம் நர்சரியில இருக்கும், நடுவுல பெரிய பைக்கு மாத்தணும், அதுக்கு பையும் மண்ணும் தண்ணியும் தனியா வேணும். இது தெரியாமத்தான் நெறைய பேரு ஆடியில வேப்பமுத்து போட்டுட்டு ஐப்பசியில ‘கன்னு சரியா வரல'ன்னு பொலம்புறாங்க. கன்னு சரியாத்தான் வந்துருக்கு, கணக்கு தான் தப்பு.

பனங்கொட்டைய பையில போடாதீங்க. அது முதல்ல கீழ நோக்கி கெழங்கு எறக்குற சாதி, பையில அதுக்கு எடமே பத்தாது, நேரா கரையில குழி வெட்டி பொதைச்சிருங்க, புரட்டாசி போதும்.

எடம்

தண்ணிக்குப் பக்கத்துல, ஆளு நடமாட்டம் இருக்குற எடமா பாருங்க. ஊருக்கு வெளிய அரை ஏக்கர் சும்மா கெடக்குதுன்னு யாராச்சும் குடுப்பாங்க, வாங்காதீங்க, தெனம் போக மாட்டீங்க. கோயில் பக்கம், மேல்நிலைத் தொட்டி பக்கம், பள்ளிக்கூடச் சுவரு ஓரம், இந்த மாதிரி அஞ்சு சென்ட்டு இருந்தா ரெண்டாயிரம் பைக்கு தாராளம். காலை வெயில் விழணும். சீமைக்கருவேல முள்ள வெட்டி வேலி அடைங்க, அந்த மரத்தால நமக்கு கெடைக்கிற ஒரே ஒபகாரம் அதுதான்.

தண்ணி உப்பா இருந்தா ஆரம்பத்துலயே தெரிஞ்சுக்கங்க. கடலோரம் போர் தண்ணி ஊத்தி எல நுனி கருகிப் போன கன்னுகள நெறைய பாத்துருக்கேன். கொளத்துத் தண்ணி, கெணத்துத் தண்ணி இருந்தா அதான் முதல் சாய்ஸு.

பைய அடுக்குறதுக்கு ஒரு மீட்டர் அகலத்துல பாத்தி, ரெண்டு பக்கமும் நின்னு கைய நீட்டுனா நடுவு எட்டணும், அதான் கணக்கு. பத்து மீட்டர் நீளம் இருந்தா ஆயிரத்துக்கு மேல பை நிக்கும். பாத்திக்கு அடியில பழைய பிளக்ஸ் பேனர விரிச்சுருங்க, கல்யாணம் காதுகுத்து தலைவர் பொறந்தநாள்னு ஊர்ல அதுக்கா பஞ்சம், அங்கங்க ஆணியால ஓட்ட போட்டு விரிங்க தண்ணி வடியணும். எதுக்குன்னா பையோட ஓட்ட வழியா வேரு தரையில எறங்காம இருக்க. எங்களுக்கு முதல் வருஷம் எறங்கிருச்சு, ஐப்பசியில பைய தூக்குனா வேரு பட்டு பட்டுனு அறுந்துச்சு, நட்ட கன்னு ஒரு வாரத்துல வாடிப்போச்சு.

தாய்மரமும் விதையும்

கைக்கு எட்டுற மரத்துல, வீட்டு வாசல்ல நிக்கிற மரத்துல பொறுக்குறது தான் மனுச சுபாவம். ஆனா ஒரே மரத்து விதையில ரெண்டாயிரம் கன்னு போட்டா எல்லாமே அண்ணன் தம்பி, நாளைக்கு ஒரு நோவு வந்தா மொத்தமா போகும், அதுங்களுக்குள்ள காய்ச்சாலும் அடுத்த தலைமுறை சோப்ளாங்கியா வரும். ஒரு வகைக்கு பத்து பதினஞ்சு மரமாச்சும் தேடுங்க, ஒண்ணுக்கொண்ணு தள்ளித் தள்ளி நிக்கிறதா இருக்கட்டும். பழைய கோயில்காடு பக்கத்துல இருந்தா அதான் பொக்கிஷம், எங்க மாவட்டத்துல ஐயனார் கோயில் காடு நெறைய உண்டு, ஆனா பூசாரிகிட்டயும் ஊர்ப் பெரியவங்ககிட்டயும் கேக்காம உள்ள போயி பொறுக்காதீங்க, சில காட்டுல செருப்பு போட்டுட்டே போகக்கூடாது, சுள்ளி கூட எடுக்க மாட்டாங்க.

நடுவயசு மரமா, நோவு இல்லாததா, காய் நல்லா புடிக்கிறதா பாருங்க. ரோட்டோரம் ஒத்தையா நிக்கிற மரத்த கடைசி சாய்ஸா வச்சுக்கங்க, அதுக்கு மகரந்தம் வேற மரத்துல இருந்து வர்றது கம்மி. முதல்ல விழுற காயில பூச்சி இருக்கும், கடைசியில விழுறது சூம்பி இருக்கும், நடு பருவத்துல தார்ப்பாய் விரிச்சு உலுக்குங்க. எந்த மரம், எந்த தேதின்னு அப்பவே பையில சீட்டு போட்டு எழுதிருங்க. பென்சில்ல எழுதுங்க, மார்க்கர் வெயில்ல ஒரு மாசத்துல மறைஞ்சுரும், பென்சில் நிக்கும்.

காத்திருக்குற விதை, காத்திருக்காத விதை

விதைய நான் ரெண்டு சாதியாத்தான் பிரிப்பேன். தோல் தடியா காஞ்சு கெடக்குறது எல்லாம் காத்திருக்கும்: புளி, வாகை, கொன்றை, கருவேலம், உசிலை. காய வச்சு டப்பாவுல வேப்பிலை போட்டு வச்சா அடுத்த வருஷமும் மொளைக்கும். சதையோட ஈரமா விழுறது காத்திருக்காது: வேம்பு, நாவல், இலுப்பை. இது இன்னைக்கு பழம், ரெண்டு வாரத்துல பொணம்.

வேம்புல தான் எல்லாரும் ஏமாறுறது. பாட்டிமாரு பொறுக்கி வெயில்ல காய வச்சு கடையில போடுற வேப்பமுத்து எண்ணெய்க்கு ஆகும், விதைக்கு ஆகாது. மஞ்சளா பழுத்த பழத்த மரத்துல இருந்து உலுக்கி, அன்னைக்கே தண்ணியில போட்டு பெசைஞ்சு சதைய கழுவி, நெழல்ல ரெண்டு மூணு நாள் உலர்த்தி, ரெண்டு வாரத்துக்குள்ள போட்டுரணும். சந்தேகமா இருந்தா நாலு முத்த ஒடச்சு பாருங்க, உள்ள பருப்பு பச்சையா இருந்தா உயிர் இருக்கு, மஞ்சளாவோ பழுப்பாவோ போயிருந்தா குப்பை. இந்த ஒரு டெஸ்டு தெரிஞ்சுருந்தா எங்களுக்கு ஒரு முழு பாத்தி மிச்சமாயிருக்கும்.

நாவல் இன்னும் அவசரக்காரன். தின்னுட்டு துப்புன கொட்டைய கழுவி ரெண்டு மூணு நாள்ல போட்டுருங்க, பசங்களுக்கு ஒரு கூடை பழம் வாங்கிக் குடுத்தா பொறுக்குற வேலையே இல்ல. நாவல்ல ஒரு அதிசயம், ஒரே கொட்டையில ரெண்டு மூணு குருத்து வரும். அது ரெண்டு மூணு கன்னே தான், மூணு நாலு எல வந்ததும் பக்குவமா பிரிச்சு நடலாம், இல்ல நல்லா இருக்குறத விட்டுட்டு மத்தத கிள்ளிருங்க. இலுப்பைக் கொட்டைக்கு எண்ணெய்ச் சத்து அதிகம், எலி அணில் எல்லாம் பையத் தோண்டி எடுத்துட்டுப் போயிரும், போட்டதும் மேல முள்ளோ கம்பி வலையோ போட்டு மூடி வைங்க, மொளைச்சு எல விரியிற வரைக்கும்.

காத்திருக்குற சாதிக்கு வேற தொல்லை, எழுப்பவே முடியாது. வாகைக்கும் உசிலைக்கும் வெந்நீர் போதும்: தண்ணிய கொதிக்க வச்சு அடுப்புல இருந்து எறக்குன பிறகு விதைய போட்டு அப்படியே ராத்திரி முழுக்க ஆற விடுங்க. அடுப்புல வச்சே விதைய போட்டா சாம்பார் தான். காலையில உப்பி இருக்குறத எடுத்து போடுங்க, உப்பாதத மறுபடி வெந்நீர்ல போடுங்க. புளியங்கொட்டைக்கு ஒரு நாள் பச்சத்தண்ணி ஊறல் போதும். கொன்றைக்கு வெந்நீர் அவ்வளவா எடுபடாது, அது தோலு கல்லு மாதிரி. நகவெட்டி எடுத்து விதையோட ஓரத்துல லேசா ஒரு நறுக்கு, கண்ணு இருக்குற நுனிய விட்டுட்டு எதிர்ப்பக்கம். இல்லன்னா சொரசொரப்பான சிமெண்ட் தரையில தேய்ங்க. நறுக்கி ராத்திரி ஊற வச்சா காலையில ரெண்டு மடங்கா உப்பி நிக்கும், பாக்கவே சந்தோசமா இருக்கும். ஐநூறு விதைய நறுக்குறது ஒரு சாயங்கால வேலை, டீ போட்டு நாலு பேரு உக்காந்தா பேசிட்டே முடிச்சுரலாம்.

கருவேலத்துக்கு நீங்க எதுவுமே செய்ய வேணாம், ஆடு செய்யும். நெத்த, அதாவது காஞ்ச காய, ஆட்டுக்குப் போடுங்க, ராத்திரி அசை போடுறப்ப விதைய துப்பிரும், காலையில பட்டியக் கூட்டுனா விதை ரெடி, அது வயித்துக்குள்ள ஊறி தோல் எளகியிருக்கும்.

ஆலும் அரசும் கடுகுலயும் சின்ன விதை. பழத்த காய வச்சு நொறுக்கி, செங்கல் பொடி பரப்புன தட்டுல தூவி, மேல மண்ணு போடாம, தட்ட தண்ணியில வச்சு அடியில இருந்து ஈரம் ஏத்தணும்னு சொல்லுவாங்க, செஞ்சோம், வந்துச்சு, ஆனா அதவிட சுளுவு ஒண்ணு இருக்கு. மழைக்காலத்துல பழைய கெணத்துச் சுவரு, பாலம், மொட்டை மாடின்னு பறவை எச்சத்துல மொளைச்ச கன்னு ஆயிரம் நிக்கும், சுவத்துக்கும் நல்லது, வேரோட பேத்துட்டு வந்து பையில வைங்க.

தேக்கு விதைய ஒரு நாள் ஊற வச்சு ஒரு நாள் காய வச்சு ஒரு வாரம் மாத்தி மாத்தி பண்ணணும், அப்பவும் அரைகொறையாத்தான் மொளைக்கும், நாத்தா வாங்கிக்கறது புத்திசாலித்தனம். சந்தனம் ரெண்டாவது வருஷத்துக்கு வைங்க, அது பக்கத்துச் செடியோட வேர்ல ஒட்டி உறிஞ்சுற ஆளு, பையிலயே கூட ஒரு துவரைச் செடி வைக்கணும், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அது தலைவலி.

எந்த விதையா இருந்தாலும் மொத்தமா போடுறதுக்கு முன்னாடி நூறு எண்ணி ஈரச் சாக்குல சுருட்டி வைங்க. அறுபது மொளைச்சுதுன்னா நூறு கன்னுக்கு எத்தனை விதைன்னு கணக்கு வந்துரும். விதைக்கு நோவு வராம நேர்த்தி பண்ண, கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடிங்கிற நல்ல பூஞ்சைப் பொடி 4 கிராம், இல்லன்னா சூடோமோனாஸ்ங்கிற நல்ல பாக்டீரியாப் பொடி 10 கிராம், லேசா ஈரம் பண்ணி பொரட்டி அரைமணி நேரம் நெழல்ல வச்சு போடுங்க. எங்களுக்கு வம்பன் வேளாண் அறிவியல் நிலையம் பக்கம், உங்க மாவட்டத்துல இருக்குறதுலயும் இது மாதிரி கேட்டுப் பாருங்க, வேளாண்மை ஆபீஸ்லயும் கெடைக்கும்.

மண்ணும் பையும்

செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நல்லா மக்குன தொழுவுரம் ஒரு பங்கு. எல்லாத்தையும் சலிச்சுருங்க. ஒரு பாண்டு கலவைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, கரையானுக்கும் வேர்ப்புழுவுக்கும். தொழுவுரம் மக்கிருச்சான்னு எப்படி பாக்குறது, உள்ள கைய விட்டா சூடு இருக்கக்கூடாது, சாணி வாடை வரக்கூடாது, மண் வாடை வரணும். அரை மக்கல்ல போட்டா கன்னும் வெந்துரும், வண்டுப் புழுவும் கூடவே வரும்.

நாங்க முதல் வருஷம் கண்மாய் வண்டல் ஃப்ரீயா கெடச்சுதுன்னு அதையே தனியா நெரப்புனோம். வயலுக்கு தங்கம் அது, பைக்குள்ள செங்கல். ரெண்டு மாசத்துல இறுகி தண்ணி மேலயே நிக்குது, வேரு உள்ள எறங்க முடியாம பையோட ஓரமா மட்டும் ஓடிருக்கு. உங்க மண்ணு களின்னா மணல கூட்டுங்க, மணல் பூமின்னா எருவ கூட்டுங்க. சோதிக்கிறது ரொம்ப சிம்பிள், ஈரக் கலவைய கையில புடிச்சு உருண்டையாக்குங்க, உருண்டை நிக்கணும், வெரலால தட்டுனா உடையணும். தென்னை நார்க்கழிவு எங்க பக்கம் மலை மாதிரி கெடக்கு, பச்சையா போடாதீங்க, மக்க வச்சது, இல்லன்னா நாலு தடவ தண்ணி விட்டு அலசுனது மட்டும்.

பை 5க்கு 8 இஞ்சு எல்லாத்துக்கும் ஆகும், பதினஞ்சு மாசம் இருக்கப் போறதுக்கு பின்னாடி 8க்கு 12. ஒரு யூனிட்டு, அதாவது நூறு கன அடி கலவையில 5க்கு 8 பை சுமாரா மூவாயிரம் நெரப்பலாம், ரெண்டாயிரத்துக்கு ஒரு யூனிட்டு வாங்குனா சிந்துறது சிதறுறது போக மீதி இருக்கும். காசு இல்லன்னா டீக்கடையில அரை லிட்டர் பால் கவர் கேட்டு வாங்கி கழுவி அடியில ஆறு ஓட்ட போடுங்க, புங்கனும் புளியும் அதுலயே வளந்துரும், ஆனா நாலு மாசத்துக்கு மேல வைக்காதீங்க, பெரிய பைக்கு மாத்திருங்க. ரூட் ட்ரெயினர்னு உள்பக்கம் வரி வச்ச பிளாஸ்டிக் கப்பு இருக்கு, அது வேர நேரா எறக்கும், உண்மைதான், ஆனா அது சீக்கிரம் காஞ்சுரும், ஒரு நாள் தண்ணி விட மறந்தா போச்சு. ஆளு மாத்தி ஆளு வர்ற ஊர் நர்சரிக்கு பை தான் பொறுக்கும்.

நெரப்புறப்ப கலவை லேசா ஈரமா இருக்கணும். அடி மூலையில காத்து நிக்காம ரெண்டு தட்டு தட்டி, மேல அரை இஞ்சு காலியா விடுங்க, தண்ணி நிக்க. நடுவுல இடுப்பு ஒடிஞ்ச பை இருக்கும் பாருங்க, கூன் விழுந்த மாதிரி, அதக் கொட்டி திரும்ப நெரப்புங்க, அந்த மடிப்புக்குக் கீழ தண்ணியும் போகாது வேரும் போகாது. பிள்ளைகள வச்சு நெரப்புனா பத்துல மூணு அப்படித்தான் இருக்கும், திட்டாதீங்க.

போடுறதும் எடுத்து நடுறதும்

பெரிய விதை எல்லாம் நேரா பையில: புங்கன், புளி, இலுப்பை, நாவல், வேம்பு. விதையோட தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஆழம், மிஞ்சிப்போனா அதுல ரெண்டு மடங்கு. ஆழமா பொதைச்சா பத்திரம்னு ஒரு நெனப்பு இருக்கு நமக்கு, அது பொணத்துக்குத் தான். படுக்க வச்சு போடுங்க. மொளைப்பு சந்தேகமான விதைன்னா பைக்கு ரெண்டு.

சின்ன விதை, ஒரே சீரா மொளைக்காத விதை எல்லாம் மணல் பாத்தியில: கடம்பு, மகிழம், தேக்கு மாதிரி. கடம்பு விதை தூசி மாதிரி இருக்கும், பத்து மடங்கு மணலோட கலந்து தூவுங்க. மேல வைக்கோல் மூடாக்கு, பூவாளியில தண்ணி, மொளை தெரிஞ்ச அன்னைக்கே வைக்கோல எடுத்துரணும், ஒரு நாள் தள்ளுனா கன்னு வெளுத்து நீண்டு படுத்துரும். நல்ல விதையா இருந்தா புங்கன், புளி, வேம்பு எல்லாம் ஒண்ணுல இருந்து ரெண்டு வாரத்துல தலைகாட்டும். மகிழம் மாசக்கணக்குல இழுக்கும், செத்துருச்சுன்னு பாத்திய கொத்திராதீங்க, நாங்க கொத்துனோம்.

மொளைக்கிறப்ப வர்ற பருப்பெலய விட்டுட்டு ரெண்டு மூணு நெச எல வந்ததும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல எடுத்து பையில மாத்துங்க. பாத்திய முன்னாடியே நல்லா நனைச்சு, குச்சியால அடியில நெம்பி, எலயப் புடிச்சு தூக்குங்க, தண்டப் புடிக்காதீங்க, எல போனா இன்னொண்ணு வரும் தண்டு நசுங்குனா ஆளே காலி. பையில குச்சியால ஆழமா குழி போட்டு வேர நேரா எறக்கணும். இங்க தான் பாதி பேரு கெடுப்பாங்க, குழி ஆழம் பத்தாம வேரு நுனி மேல பாத்து மடங்கி தூண்டில் முள்ளு மாதிரி நிக்கும். வெளிய ஒண்ணும் தெரியாது, கன்னு ஜம்முனு வளரும், அஞ்சாறு வருஷம் கழிச்சு ஒரு காத்துல படுக்கும். வேரு நீளமா இருந்தா நுனிய கத்திரியால நறுக்கிட்டு நடுங்க, மடக்குறதுக்கு நறுக்குறது ஆயிரம் மடங்கு மேல்.

தண்ணி முறை

விதையப் பத்தித் தெரியாம செத்த கன்ன விட, சித்திரை வெயில்ல ஒரு வாரம் யாரும் போகாம செத்த கன்னு தான் எங்க நர்சரியில அதிகம். பத்து பேரு சேந்து செய்யிறதுல இருக்குற சிக்கல் இது, ‘அவரு ஊத்திருப்பாரு'ன்னு ஒவ்வொருத்தரும் நெனைக்கிறது. ஒரு தடவ ஊர்ல மூணு கல்யாணம் ஒரே வாரத்துல, எல்லாரும் பந்தியில இருந்தோம், ஐநூறு கன்னு பாத்தியில கருகிருச்சு.

இப்ப என்ன பண்றோம்னா, மகளிர் குழுவுல ரெண்டு அக்காங்களுக்கு சம்பளம் பேசி வச்சுருக்கோம், காலை மாலை அவங்க பொறுப்பு, நாங்க மத்தவங்க ஆளுக்கு ஒரு கெழமை போயி பாக்குறது மட்டும். அவங்க வராத அன்னைக்கு அந்தக் கெழமைக்காரர் ஊத்தணும். சேவைன்னு சொல்லி ஒருத்தர ஓசியில தண்ணி ஊத்த விடாதீங்க, மூணாவது மாசம் நின்னுரும், அதுல தப்பு சொல்லவும் முடியாது.

கோடையில ரெண்டாயிரம் பைக்கு ஒரு நாளைக்கு நானூறு ஐநூறு லிட்டர் புடிக்கும். காலையில ஒம்பது மணிக்குள்ள ஒரு தடவ, வெயில் கடுமையா இருந்தா சாயங்காலம் ஒரு தடவ. மேல மட்டும் நனைச்சுட்டு வரக்கூடாது, பத்து பைக்கு ஒரு பைய தூக்கி அடி ஈரமா இருக்கான்னு கை வச்சு பாருங்க. மேல் மண்ணுல பச்சை பாசி புடிச்சா தண்ணி அதிகம்னு அர்த்தம். மொளைக்கிற கன்னுக்கு அம்பது சதவீதம் நெழல்வலை, இல்ல தென்னங்கீத்துப் பந்தல். கன்னு ஒரு ஜாணு வந்ததும் நெழல கொஞ்சம் கொஞ்சமா எடுத்துருங்க, நெழல்லயே வளத்தா கொடி மாதிரி ஒல்லியா போகும்.

எடம் மாத்தி வைக்கிறது

நர்சரியில யாருக்கும் புடிக்காத வேலை, ஆனா இத செய்யலன்னா மத்ததெல்லாம் வீண். ஒன்றரை ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ எல்லா பையையும் தூக்கி எடம் மாத்தணும். அடி ஓட்டையில நீட்டிட்டு இருக்குற வேர கத்திரியால வெட்டிருங்க, வெட்டுன பிறகு உள்ள பக்கவேரு புதுசா கெளைக்கும். மாத்துறப்பவே பெருசு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் பிரிச்சு அடுக்குங்க, இல்லன்னா பெருசு சின்னத நெழல் கட்டியே கொன்னுரும். மாத்துன ரெண்டு மூணு நாளு லேசா வாடும், தண்ணியும் நெழலும் கொஞ்சம் கூட குடுங்க. ஆறு மாசத்துக்கு மேல நிக்கப் போற கன்ன பெரிய பைக்கு மாத்துறப்ப சுத்திப் போயிருக்குற வேரு ரெண்டு மூணு எடத்துல மேலருந்து கீழ பிளேடால ஒரு கீறு. மனசு கேக்காது தான், கீறுங்க.

மாசத்துக்கு ஒரு கன்ன பலி குடுங்க. சும்மா ஒரு பைய எடுத்து கிழிச்சு மண்ண ஒதறி வேர எல்லாரும் சுத்தி நின்னு பாருங்க. நல்லா கெளைச்சு வெள்ளை நுனியோட இருந்தா சந்தோசம். ஓரத்துல சுத்த ஆரம்பிச்சிருந்தா பைய மாத்தணும், இல்ல நட்டுரணும். எங்க ஊர்ப் பசங்க இத ‘போஸ்ட்மார்ட்டம்'னு பேரு வச்சு லீவு நாள்ல ஆர்வமா வர்றானுங்க.

நோவுன்னு பெருசா மெரள வேணாம். மொளைச்ச கன்னு தரையோட ஒட்டுற எடத்துல கருத்து சாஞ்சா நாத்தழுகல், தண்ணிய கொறைங்க, நெருக்கத்த கலைங்க, சூடோமோனாஸ் கரைச்சு ஊத்துங்க. நத்தைக்கு ராத்திரி ஈரச்சாக்கு போட்டு காலையில பொறுக்குறது. எலப்புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் அஞ்சு சதவீதம். வெளிர் மஞ்சளா நின்னா பஞ்சகவ்யம் பத்து லிட்டருக்கு 300 மில்லி, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ. யூரியா போட்டு ஒசரமாக்குறத மட்டும் செய்யாதீங்க, மேல ஒசரும், கீழ ஒண்ணும் இருக்காது. களைய வாரம் ஒரு தடவ கையால, கோரை வந்தா கெழங்கோட.

அனுப்புறதுக்கு முன்னாடி

புரட்டாசி பொறந்ததும் நெழல்வலைய முழுசா எடுத்துருங்க, தண்ணிய ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்குங்க. எல கொஞ்சம் கடினமாகும், தண்டு அடி பழுப்பேறும், அப்பத்தான் வெளிய போயி பொழைக்கும். கன்னு ரெண்டு ரெண்டரை அடி, அடித்தண்டு பென்சில் தடிமன் இருந்தா போதும். அஞ்சடி இருக்கு, தண்டு வெரல் தடிமன் கூட இல்லன்னா அத விட மோசம் இல்ல. கோணல், பூச்சி புடிச்சது எல்லாத்தையும் அங்கயே ஒதுக்கிருங்க, பாவம் பாத்து குடுத்துவிட்டா குழியும் வீண், ஒருத்தரோட ஒழைப்பும் வீண்.

முந்தின நாள் சாயங்காலம் நல்லா தண்ணி காட்டுங்க. தூக்குறப்ப பையப் புடிச்சு தூக்கணும், தண்டப் புடிச்சு தூக்குனா உள்ள மண்கட்டி உடைஞ்சு பொடிவேரு எல்லாம் அறுந்துரும். டாட்டா ஏஸ்ல நிக்க வச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டி அடுக்கி மேல நெழல்வலை போட்டு கட்டுங்க, ஓடுற வண்டிக் காத்துல ஒரு மணி நேரத்துல எல கருகும்.

நோட்டுல யாருக்கு என்ன வகை எத்தனைன்னு எழுதி கையெழுத்து வாங்குங்க. கன்னு குடுக்குறப்பவே ஒரு நிபந்தனை போட்டுருக்கோம், பைய முழுசா கிழிச்சு எடுத்துட்டு நடணும், கிழிச்ச பைய எண்ணி திருப்பிக் குடுத்தாத்தான் அடுத்த வருஷம் கன்னு. முதல்ல எல்லாரும் சிரிச்சாங்க, குப்பைய போயி திருப்பிக் கேக்குறாங்களேன்னு. போன கார்த்திகையில எங்க தெருப் பெரியப்பா ஒருத்தரு மொட்டை வெயில்ல சைக்கிள்ல வந்து நாப்பத்தி ரெண்டு பை குடுத்தாரு, நாப்பத்தஞ்சு வாங்கிருந்தாரு. மூணு எங்கன்னு கேட்டேன். ‘ஆடு தின்னுருச்சுப்பா, பையோட'ன்னாரு. நோட்டுல அப்படியே எழுதி வச்சுருக்கு.